எல்லா ‘செட்’டும் ‘அமை’ இல்லை

ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சொல் ஒன்று: செட். 1989-ல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு இதற்குத்தான். வினைச்சொல்லாக மட்டும் 430 பொருள்கள். பதிவின் நீளம் ஏறக்குறைய 60,000 சொற்கள்; தனியாக அச்சடித்தால் சுமாரான நாவல் ஒன்றின் தடிமன் வரும். கோவையில் தயாராகும் பம்பு, மோட்டார், கிரைண்டர் பெட்டிகளுக்குள் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரு கையேடு வைப்பார்களே, வாங்கியவர் பெரும்பாலும் பிரித்தே பார்க்காத அந்தக் கையேட்டைத் தமிழில் எழுதிக் கொடுப்பது என் தொழில். ஆகவே அந்த 430-ல் கணிசமான பங்கு என் மேஜை வழியாகத்தான் போகிறது.

முன்பெல்லாம் ஆங்கிலக் கையேட்டைக் கொடுத்து, “தமிழ் பண்ணிக் குடுங்க” என்பார்கள். இப்போது கணினியே மொழிபெயர்த்துவிடுகிறது. அதை அனுப்பி, “சும்மா ஒரு பார்வை பாத்துக் குடுங்க மேடம்” என்கிறார்கள். கூலியும் பாதி. அந்த வரைவுகளில் தொடர்ந்து பார்க்கும் ஒரு நோயைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தேன். ஆங்கிலத்தில் எங்கெல்லாம் ‘செட்’ வருகிறதோ, அங்கெல்லாம் தமிழில் ‘அமை’. கணினியை மட்டும் திட்டிப் பயனில்லை. மனிதர்கள் எழுதுவதிலும் இதே கதைதான். அலாரத்தை அமை, கடவுச்சொல்லை அமை, மொழியை அமை. கைபேசித் திரையில் பல்சக்கரப் படத்துக்குக் கீழே ‘அமைப்புகள்’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு எங்கள் பெரியம்மா கேட்டார்: “இதென்ன கண்ணு, கட்சிக்காரங்க சமாச்சாரமா?”

போன மாதம் வந்த ஒரு பக்கத்தையே எடுத்துக்கொள்கிறேன். யாருடைய கையேடு என்பது வேண்டாம். பம்பை அஸ்திவாரத்தின் மேல் பொருத்தும் முறை. ‘பம்பைச் சமதளமாக அமைக்கவும்’ என்பது முதல் வரி. அடுத்தது, ‘கலவையை அமைக்க அனுமதித்த பின் நட்டுகளை இறுக்கவும்’. பிறகு, ‘ஓவர்லோடு ரிலேவை மோட்டாரின் மின்னோட்டத்துக்கு அமைக்கவும்’. கப்ளிங் தண்டிலிருந்து நழுவாமல் பிடித்துக்கொள்ளும் சின்னத் திருகு ஒன்று உண்டு. ஃபிட்டர்கள் செட் ஸ்க்ரூ என்பார்கள். அது ‘திருகுகளின் தொகுப்பு’ ஆகியிருந்தது. வாங்கியவர் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி மிச்சத் திருகுகளைத் தேடியிருப்பார். இலக்கணப்படி ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஒற்று மிகும் இடத்தில்கூடச் சரியாக மிகுந்திருந்தது. ஆனால் அந்த இரண்டாவது வரியைப் படித்துவிட்டு ஒரு விவசாயி என்ன செய்வார்? யாருக்கு அனுமதி கொடுப்பார்?

இதே வேலையை சூலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஃபிட்டர் அண்ணன் ஒருவர் செய்தபோது கூடவே நின்று குறிப்பெடுத்திருக்கிறேன். அடித்தகட்டின் மேல் ரசமட்டத்தை வைத்து, காற்றுக்குமிழி நடுக்கோட்டுக்கு வரும்வரை மூலைக்கு மூலை மெல்லிய தகடுகளைச் சொருகினார். “மட்டம் பாத்து உக்கார வெச்சுட்டமுன்னா பாதி வேலை முடிஞ்சுதுங்க அம்மிணி” என்றார். அடியில் சிமென்ட் கலவையை ஊற்றிக் குச்சியால் குத்திவிட்டார். கூட வந்த பையன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நட்டைத் தொடப் போக, அதட்டல் விழுந்தது: “டேய், செட்டாகட்டும்டா. இப்ப முறுக்குனீன்னா நாளைக்கு மோட்டாரு ஆட்டங் குடுக்கும்.” அன்று வேலை அதோடு நின்றது. கலவை கெட்டிப்பட்ட பிறகு வந்து நட்டை முறுக்கி, கடைசியில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, ரிலேயின் குமிழைத் திருப்பி, “அஞ்சு எச்.பி. மோட்டாருங்க, ஏழரையில வெச்சிருக்கேன்” என்றார். ஆம்பியரைச் சொன்னார். தோட்டத்துக்காரருக்கு ஏற்கெனவே ஏழரை நடந்துகொண்டிருந்ததால் அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது.

கையேட்டுக்காரர் ‘அமைக்கவும்’ என்ற ஒரே சொல்லால் கடந்துபோன மூன்று வேலைகளுக்கு ஃபிட்டர் அண்ணனிடம் மூன்று சொற்கள் இருந்தன. உட்கார வைப்பது ஒன்று, செட்டாவது ஒன்று, வைப்பது ஒன்று. அவர் வாயில் ‘அமை’ ஒருமுறைகூட வரவில்லை.

அதிலும் ‘உக்கார வெச்சுட்டமுன்னா’ என்றாரே, அதுதான் ‘செட்’டின் ஆதிப் பொருள். பழைய ஆங்கிலத்தில் ‘செட்டன்’ என்று இருந்த வினை அது. உட்காருவதைக் குறிக்கும் ‘சிட்’டின் பிறவினை. நாம் ‘இரு’வை ‘இருத்து’ ஆக்குகிறோம், ‘நட’வை ‘நடத்து’ ஆக்குகிறோம் இல்லையா, அவர்களும் ‘சிட்’டை ‘செட்’ ஆக்கினார்கள். உட்காருவது, உட்கார வைப்பது என்ற ஒற்றைக் கிளையிலிருந்து கிளம்பியதுதான் பாதிக்கு மேல். வெள்ளைக்காரனுக்குச் சூரியன் சாயங்காலம் உட்காருகிறது. நமக்குப் பொழுது சாய்கிறது. முட்டையின் மேல் கோழியை அவர்கள் ‘செட்’ செய்கிறார்கள். நாம் அடை வைக்கிறோம். சிமென்ட் கலவையும் ஒருவகையில் உட்கார்ந்துவிடுகிறது. பெயர்ச்சொல்லாக வரும் ‘செட்’டின் கதை வேறு. தட்டு செட், ஸ்பேனர் செட் என்று கூட்டத்தைக் குறிக்கும் அந்தச் சொல் லத்தீனில் பின்பற்றுவோர் கூட்டத்துக்கு இருந்த சொல் ஒன்றிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. நொய்யல் காவிரியில் கலந்த மாதிரி இரண்டும் கலந்துபோய்விட்டன. இன்று எந்தத் தண்ணீர் எந்த ஆற்றுடையது என்று பிரிக்க ஆங்கிலேயருக்கே அகராதி வேண்டும்.

தமிழில் ‘செட்’டுக்கு ஈடுகொடுக்கிற சொல் ஒன்று உண்டு. அது ‘அமை’ அல்ல, ‘வை’. தீ வைக்கிறோம், பொறி வைக்கிறோம், அலாரம் வைக்கிறோம், விலை வைக்கிறோம், பரீட்சை வைக்கிறோம். இத்தனைக்கும் ஆங்கிலத்தில் ‘செட்’தான். பிறகு ‘வை’ தன் பாட்டுக்குத் தனிவழி போய்விடுகிறது. பேர் வைக்கிறோம், மீசை வைக்கிறோம், குழம்பு வைக்கிறோம், கடை வைக்கிறோம், அந்தக் கடை ஓடாவிட்டால் நகையை அடகு வைக்கிறோம், கண் வைத்தவர்களைச் சபிக்கிறோம். அடுத்தவனுக்கு வைக்கிற ஆப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிரிக்க வைக்கிறோம், அழ வைக்கிறோம் என்று இன்னொரு வினையின் முதுகில் ஏறிக்கொண்டும் போகும் அது. ‘செட்’டுக்கு அந்த வித்தை இந்த அளவுக்குத் தெரியாது. ஆங்கிலத்தின் குட்டிச் சொற்களைப் பார்த்து வாய் பிளப்பவர்கள் வீட்டிலேயே இப்படி ஒன்று இருக்கிறது என்பதை நினைப்பதில்லை. “அலாரம் வெச்சிட்டியா?” என்று எந்த அம்மாவும் கேட்பாள். அதை ‘அலாரத்தை அமை’ என்று எழுத என்ன அவசியம் வந்தது?

‘அமை’யின் மேல் எனக்குப் பகை கிடையாது. இசையமைப்பாளர் என்று ஒரு சொல் கிடைத்ததே, ஆங்கிலத்தில் பாட்டை இசைக்கு ‘செட்’ செய்வதற்கு அதைவிடப் பொருத்தமாக ஒன்று அமையுமா? கோயில் திருவிழா நோட்டீஸின் அடியில் ‘ஒலி ஒளி அமைப்பு’ என்று போட்டிருப்பதும் அழகுதான். குழு அமைப்பது, ஆட்சி அமைப்பது எல்லாம் அதற்கே உரிய இடங்கள். பல உறுப்புகளைச் சேர்த்து ஒழுங்குபண்ணி ஒரு உருவம் கொடுக்கிற வேலை அதனுடையது. அதைப் பிடித்துக்கொண்டுவந்து சிமென்ட் கலவைக்குள் தள்ளினால் அது என்ன செய்யும், பாவம்.

ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் 430-ஐ எப்படிக் கண்டார்கள் என்பது நம் கலைச்சொல் குழுக்கள் யோசிக்க வேண்டிய விஷயம். ஜேம்ஸ் மர்ரே 1879-ல் பதிப்பாசிரியர் பொறுப்பேற்றதும் ஆங்கிலம் படிக்கிற பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். புத்தகங்களைப் படியுங்கள், ஒரு சொல் எந்த வாக்கியத்தில் எப்படி வருகிறது என்று துண்டுச்சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்றார். சீட்டுகள் லட்சக்கணக்கில் வந்து குவிந்தன. வீட்டுத் தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டு, சுவரெல்லாம் மாடம் அடித்து அவற்றை அடுக்கினார். பத்து வருடத்தில் முடியும் என்று தொடங்கிய வேலை; ஐந்தாவது வருடம், 1884-ல், முதல் பகுதி வந்தபோது ‘ஏ’ எழுத்தில் எறும்பைக் குறிக்கும் சொல்வரைதான் வந்திருந்தார்கள். முடிந்தது 1928-ல். மர்ரே 1915-லேயே காலமாகிவிட்டார். ‘செட்’டுக்கு இத்தனை பொருள் இருக்கலாம் என்று எந்தக் குழுவும் கூடித் தீர்மானம் போடவில்லை. தச்சர், மாலுமி, வேட்டைக்காரர், அச்சுக்கோப்பவர் என்று ஆளாளுக்குத் தங்கள் தொழிலில் அந்தச் சொல்லை வளைத்து வைத்திருந்தார்கள். அகராதி அதை எண்ணியது, அவ்வளவுதான்.

எண்ணிக்கை நிற்பதும் இல்லை. மூன்றாம் பதிப்புக்கான திருத்தத்தில் ‘ரன்’ என்ற சொல் ‘செட்’டைத் தாண்டிவிட்டது. வினையாக மட்டும் 645 பொருள். பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதத்துக்கு மேல் குடித்தனம் நடத்தினார். என்ஜினும் கணினியும் வந்தபின் ஓடாதது எது என்று ஆகிவிட்டது. நம்மிடமும் மோட்டார் ஓடுகிறது, படம் ஓடுகிறது, வண்டி ஓடாவிட்டாலும் மீட்டர் ஓடுகிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924-லிருந்து 1936-க்குள் ஆறு தொகுதிகளாக வந்தது. வையாபுரிப் பிள்ளை அதன் பதிப்பாசிரியராக உழைத்த உழைப்பு பெரிது. 1992-ல் க்ரியா அகராதி வந்தபோது தற்கால எழுத்தில் புழங்கும் தமிழையே ஆதாரமாக எடுத்துக்கொண்டது. எனக்கு அன்றாடம் சோறு போடும் புத்தகம் அது. பட்டறைகளுக்கும் கட்டட வேலை நடக்கும் இடங்களுக்கும் போய்ச் சீட்டு எழுதும் வேலைதான் பாக்கி. அங்கே ‘செட்’ என்ற சொல் ஆங்கிலேயருக்கே தெரியாத வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறது.

பம்பு செட்டையே எடுங்கள். பம்பும் அதைச் சுழற்றும் மோட்டாரும் ஒரே அடித்தகட்டில் ஜோடியாக உட்கார்ந்திருப்பதால் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். 1932-ல் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கி, கொங்கு நாட்டுக்குக் கரண்ட் வந்து, கவலை இறைத்த கிணறுகளில் மோட்டார் இறங்கியதும் சொல்லும் கூடவே இறங்கியது. பிறகு எங்கள் ஊர் அரசியலே அதைச் சுற்றி வந்தது. மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972-ல் விவசாயிகள் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோவை வீதிகளை அடைத்தது இந்த செட்டுகள் இழுத்த கரண்டுக்குத்தான். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. “பம்பு செட்டுல குளிச்சிட்டு வந்தோம்” என்கிறோம். எந்த ஆங்கிலேயரும் ஒரு பம்பு செட்டுக்குள் குளித்ததில்லை. அவர்களுக்கு அது இயந்திரம், நமக்கு இடம். தொட்டி, வாய்க்கால், துணி துவைக்கிற கல், பக்கத்துத் தென்னை எல்லாம் அடங்கிய இடம். மோட்டார் கொட்டகையைக் குறிக்கும் ‘ஷெட்’டும் இதில் கலந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. கலந்தால் என்ன, அதுவும் ஒரு சீட்டு.

மைக் செட் என்றால் மைக், ஆம்ப்ளிஃபையர், குழாய் ஸ்பீக்கர் எல்லாம். சீரியல் பல்பும் மைக் செட்டுக்காரரே போட்டுவிட்டால் அதுவும் அதில் அடக்கம். பாட்டி கழற்றிக் கிண்ணத்தில் போடுவது பல் செட். “அவன் எங்க செட்டு” என்றால் ஒன்றாகப் படித்தவன். எங்கள் தாத்தா காலத்தில் ‘எஞ்சோட்டுப் பையன்’ என்பார்கள். செட் தோசைக்கு இரண்டா மூன்றா என்பது ஓட்டலுக்கு ஓட்டல் மாறும்; கேட்டுவிட்டு உட்காருவது நல்லது.

செட்டப் என்ற சொல்லை மட்டும் என்னால் சிரித்துக்கொண்டே கடக்க முடியவில்லை. ஏற்பாடு என்ற சாதாரணப் பொருளில் வந்த சொல், நம் ஊர் ஆண்கள் வாயில், மனைவி இருக்க இன்னொருத்தியோடு வாழ்கிறவனின் அந்த ‘இன்னொருத்தி’யைக் குறிக்க ஆரம்பித்தது. இதற்கு முன்னால் இருந்த சொல்லைப் பாருங்கள்: வைப்பாட்டி. அதிலும் அதே ‘வை’. புதுச்சொல் வந்தும் பழைய தடத்தில்தான் போய் விழுந்திருக்கிறது. வைத்துக்கொண்டவனைச் சுட்ட அன்றும் சொல் இல்லை, இன்றும் இல்லை. அவள் தலையில்தான் எல்லாம்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ‘செட் ஆகல’. ஆங்கிலத்தில் இப்படி ஒரு வழக்கே கிடையாது. “அந்த வேலை எனக்கு செட் ஆகல”, “இந்தக் கலர் உனக்கு செட் ஆகாது” என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் எதிரே இருப்பவர் விழிப்பார். ஒத்துவரவில்லை, சரிப்படவில்லை, பொருந்தவில்லை என்று நம்மிடம் சொற்கள் இல்லாமலா? இருந்தும் பிள்ளைகள் ஏன் இதைப் பிடித்துக்கொண்டார்கள் என்று யோசித்திருக்கிறேன். ‘ஒத்துவரல’ என்றால் ஏதோ தகராறு நடந்திருக்கிறது என்று அர்த்தமாகிவிடும். ‘புடிக்கல’ என்றால் எதிராளிக்கு வலிக்கும். ‘செட் ஆகல’ என்றால் யார் மேலும் பழி இல்லை. கலவை கூடிவரவில்லை, அவ்வளவுதான். கல்யாணத் தரகர்கள் இதை வெகுசீக்கிரம் கற்றுக்கொண்டுவிட்டார்கள். பெண் வீட்டுக்குப் போன் போட்டு, “ஜாதகம் செட் ஆகலீங்க” என்று முடித்துவிடுகிறார்கள். ஜாதகம் நன்றாகத்தான் இருந்திருக்கும்; பவுன்தான் செட் ஆகியிருக்காது.

தூய தமிழ் வேண்டும் என்பவர்கள் இதையெல்லாம் கேட்டால் முகம் சுளிப்பார்கள். அவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. ‘அலாரம் செட் பண்ணு’ என்பதை நான் எழுதமாட்டேன். ‘வை’ இருக்கும்போது அது வீண் செலவு. எலும்பு முறிந்தால் ‘செட்’ செய்ய வேண்டியதில்லை, கட்டுப் போட்டால் போதும். கணக்குப் பாடத்தில் கணம் என்ற சொல் ஊன்றிவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ‘கண மொழி’ என்றே படிக்கிறார்கள். தமிழில் உயிரோடு ஒரு சொல் இருந்தால் அதற்குத்தான் முதல் மரியாதை. ஆனால் ஆங்கிலத்தைத் துரத்துகிறேன் என்று நானூற்றுச் சொச்சம் பொருளுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லை நிறுத்துவதால் வருகிற சேதம் அதிகம். ‘செட்’ வந்து ‘வை’யை அழித்துவிடவில்லை. ‘அமை’தான் அச்சிலிருந்து ‘வை’யை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. பேச்சுவழக்குச் சொல்லை எழுதினால் கௌரவக் குறைச்சல் என்ற நினைப்பு இதற்குப் பின்னால் இருக்கிறது. ‘வைக்கவும்’ என்பது வீட்டுச் சொல்லாம், ‘அமைக்கவும்’ ஆபீஸ் சொல்லாம்.

அந்தக் கையேட்டுப் பக்கத்தை நான் இப்படி மாற்றி அனுப்பினேன்: ‘ரசமட்டம் பார்த்து பம்பை உட்கார வைக்கவும். கலவை செட் ஆகும்வரை நட்டுகளை முறுக்க வேண்டாம். மோட்டாரின் பெயர்த்தகட்டில் உள்ள ஆம்பியரில் ரிலேவை வைக்கவும்.’ செட் ஸ்க்ரூவை செட் ஸ்க்ரூ என்றே விட்டுவிட்டேன். கடையில் வேறு பெயர் சொன்னால் கிடைக்காது.

நிறுவனத்திலிருந்து அதிகாரி கூப்பிட்டார். ‘செட் ஆகும்வரை’ தமிழ் இல்லையே, ‘இறுகும்வரை’ என்று போடலாமே என்றார். நியாயமான கேள்வி. ஆனால் கொத்தனார்களுக்கு இரண்டும் ஒன்றல்ல. சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் 30 நிமிடத்துக்குள் செட்டாகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் செட்டாகி முடிந்துவிட வேண்டும் என்பது இந்தியத் தரக் கட்டுப்பாடு. அது கைவைத்தால் குழையாத நிலைக்கு வரும் நேரம். இறுகுவது அதற்கப்புறம், தண்ணி கட்டக் கட்ட, நாள் கணக்கில். அதன் பலத்தை 28-ம் நாள் சோதிப்பார்கள். நட்டைத் தொடாமல் எவ்வளவு பொறுக்க வேண்டும் என்பதை நாள் கணக்கோடு தனி வரியாகப் போட்டுவிட்டு, ‘செட்’டை அதன் இடத்தில் விடுங்கள் என்றேன். அரை மனதாக ஒப்புக்கொண்டார். ‘உட்கார வைக்கவும்’ கொஞ்சம் கொச்சையாக இருக்கிறதே என்று இழுத்து, அதையும் விட்டுவிட்டார்.

கடைசியில் ஒன்றுக்கு மட்டும் பிடிவாதமாக நின்றார். “அதென்ன மேடம் ரசமட்டம்? கேள்விப்பட்டதே இல்லையே. ஸ்பிரிட் லெவல்னே போட்டுருங்க, அப்பத்தான் ஜனங்களுக்குப் புரியும்.”